கார்டெல் ஹல் கட்டிய கடிவாளம்

வாஷிங்டனில் ஒருவர் பேனாவை எடுத்தார். திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் எந்திரங்கள் ஓய்ந்தன! 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள், இந்தியாவிலிருந்து போகும் பண்டங்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த வரி நூற்றுக்கு 50 என்று ஆயிற்று. ஆர்டர்கள் நின்றன, ஓவர்டைம் போயிற்று, சிலருக்கு வேலையே போயிற்று. அப்போது தோழர்கள் பலர் கேட்டது ஒரே கேள்வி. அந்த நாட்டிலே சட்டமன்றம் என்று ஒன்று இல்லையா? ஒருவர் நினைத்தால் ஒரே இரவில் உலகத்துக்கே வரி போட்டுவிடலாமா? யார் கொடுத்தது அந்த அதிகாரம்?

நல்ல கேள்வி, தோழர்களே! அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், நாம் போய் நிற்கவேண்டிய இடம் ஒரு மரக்குடிசை. டென்னஸி மாநிலத்து மலைச்சரிவிலே, உருட்டு மரங்களை அடுக்கிக் கட்டிய குடிசை. அங்கே 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பிறந்தான் ஒரு பிள்ளை. நாள் நமக்கு நினைவில் நிற்கக்கூடிய நாள்தான். காந்தியார் பிறந்து சரியாக இரண்டாண்டு கழித்து! பிள்ளையின் பெயர் கார்டெல் ஹல். பின்னாளில் ஏறத்தாழ 12 ஆண்டுக்காலம் அமெரிக்காவின் வெளிநாட்டு அமைச்சராக இருந்தவர். அத்தனை நீண்டகாலம் அந்தப் பதவியில் இருந்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஐந்து ஆண்மக்களில் மூன்றாமவர். தகப்பனார் வில்லியம் ஹல் முதலில் உழவர். பிறகு காட்டு மரங்களை வெட்டித் தெப்பமாகக் கட்டி கம்பர்லேண்ட் ஆற்றிலே மிதக்கவிட்டு நாஷ்வில் நகரச் சந்தைக்கு அனுப்பியவர். முரட்டு மனிதர். உள்நாட்டுப் போரின்போது தம்மைச் சுட்டவனை விடாமல் தேடிப் பிடித்துப் பழிதீர்த்தார் என்று சொல்வார்கள். மகனிடம் அந்த முரட்டுத்தனம் இல்லை. ஆனால் எடுத்ததை விடாத அந்தப் பிடிவாதம் மட்டும் இருந்தது. துப்பாக்கி இருந்த இடத்தில் புள்ளிவிவரப் புத்தகம்!

1891-இல் சட்டப் படிப்பு முடிந்தது. 1893-இல் மாநிலச் சட்டமன்றம். இடையிலே ஸ்பெயினோடு நடந்த போரில் தொண்டர் படைத் தலைவராகக் கியூபா சென்று திரும்பினார். பிறகு சுற்று நீதிபதி. நீதிபதி ஹல் என்ற பெயர் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. 1907-இல் வாஷிங்டன். காங்கிரசின் கீழ்ச் சபையான பிரதிநிதிகள் சபைக்கு உறுப்பினரானார். (காங்கிரசு என்றதும் நம் நாட்டுக் கட்சியை நினைக்க வேண்டாம், அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர்.)

மேடையிலே முழங்கியவரா? இல்லை. மெலிந்த உருவம், மெல்லிய குரல், பேச்சிலே கொஞ்சம் குழறல். அவருடைய உச்சரிப்பைக் கேலிசெய்து சிரித்தவர்கள் உண்டு. ரூஸ்வெல்ட்டே அப்படிச் சிரித்ததுண்டு. நம்முடைய மேடைகளில் அவரைப் பேசவிட்டால் கூட்டம் டீக்கடைப் பக்கம் போய்விடும்! ஆனால் அந்த மனிதர் பேசியது ஒரே பொருளைப் பற்றி: சுங்கவரி. முப்பதாண்டுக் காலம் அதையே பேசினார்.

ஏன் பேசினார்? துறைமுகத்தில் இறக்குமதிப் பண்டத்தின் மீது வரி விழுகிறது. வெளிநாட்டான்தானே கட்டுகிறான் என்று மேடையில் சொல்லுவார்கள். கட்டுகிறவன் அந்நாட்டு இறக்குமதி வணிகன். அதை அவன் கடைக்காரன் தலையில் வைக்கிறான். கடைக்காரன் அதை வாங்குகிறவன் தலையில் வைக்கிறான். வாங்குகிறவன் யார்? செருப்பு வாங்கும் தொழிலாளி, சட்டைத் துணி வாங்கும் தாய், கலப்பை வாங்கும் உழவன். அதோடு முடிந்ததா? வெளிநாட்டுச் சரக்கு விலை ஏறியதும், உள்நாட்டு ஆலை முதலாளியும் தன் சரக்கின் விலையை ஏற்றிக்கொள்கிறான். ஆக, ஏழை இரண்டு முறை செலுத்துகிறான்: ஒன்று அரசாங்கத்துக்கு, மற்றொன்று முதலாளிக்கு. கோடீசுவரனோ, ஒரு சட்டைக்கு ஒரு சட்டை வரிதான் கட்டுகிறான்!

இதைக் கண்டு மனம் கொதித்த ஹல், குறை சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. வரியை ஏழையின் சட்டையிலிருந்து எடுத்துச் செல்வந்தனின் வருமானத்தின் மீது வை என்றார். வருமான வரி அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 1895-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியிருந்தது. 1913-இல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. அந்த ஆண்டு வில்சன் ஆட்சியில் சுங்கவரியைக் குறைத்து ஒரு சட்டம் வந்தபோது, அதிலே வருமான வரிப் பகுதியை வரைந்தவர் இந்த மரக்குடிசைப் பிள்ளை. ஆண்டுக்கு 3,000 டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர் நூற்றுக்கு 1 கட்டவேண்டும். பெருஞ்செல்வர் மேலும் கட்டவேண்டும். அன்றைய தொழிலாளியின் கூலி அந்த எல்லையைத் தொடாது. 1916-இல் இறந்தவர் விட்டுச்செல்லும் பெருஞ்சொத்தின் மீதான வரியிலும் அவர் கை இருந்தது.

இனி, வரி போடும் உரிமை யாருக்கு என்ற வழக்குக்கு வருவோம். அது பழைய வழக்கு. 1606-இல் இங்கிலாந்திலே ஜான் பேட் என்ற வணிகன், உலர்திராட்சை மீது மன்னர் ஜேம்சு தம் விருப்பத்துக்குப் போட்ட வரியைக் கட்டமாட்டேன் என்றான். நீதிபதிகள் மன்னர் பக்கம் சாய்ந்தார்கள். அந்த நூற்றாண்டு முழுவதும் நடந்த சண்டையில் ஒரு மன்னரின் தலை உருண்டது. இன்னொரு மன்னர் நாட்டைவிட்டே ஓடினார். மன்றத்தின் இசைவின்றி வரி இல்லை என்பது நிலைத்தது. அந்தச் சண்டையின் பேரப்பிள்ளைகள்தாம் அமெரிக்கர்கள். தங்களுக்கு இடமில்லாத மன்றம் தங்கள் மீது வரி போடுவதா என்று கேட்டு, 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியவர்கள். எனவே 1787-இல் அவர்கள் அரசியல் சட்டம் எழுதியபோது, வரியும் சுங்கத் தீர்வையும் விதிக்கும் அதிகாரத்தைக் காங்கிரசின் கையில் வைத்தார்கள். வருவாய் மசோதா மக்களின் கீழ்ச் சபையிலேதான் பிறக்கவேண்டும் என்றும் எழுதினார்கள். குடியரசுத் தலைவருக்கு அதிலே சொந்த உரிமை ஏதும் இல்லை. சட்டத்தில் கையெழுத்திடலாம், மறுத்துத் திருப்பியும் அனுப்பலாம், அவ்வளவுதான்.

சரி, மன்றம் அந்த அதிகாரத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டதா? இங்கேதான் கதை கசக்கிறது. 1929-இல் உட்டா மாநிலத்து செனட்டர் ஸ்மூட், ஆரிகன் மாநிலத்துப் பிரதிநிதி ஹாலி என்ற இருவர் தலைமையில் புதிய சுங்கவரிச் சட்டம் தயாராயிற்று. உழவர்களைக் காக்கிறோம் என்று தொடங்கினார்கள். பிறகு? என் தொகுதிச் சர்க்கரைக்கு நீ கை தூக்கு, உன் தொகுதிக் கண்ணாடிக்கு நான் கை தூக்குகிறேன் என்ற பண்டமாற்று! ஸ்மூட்டின் மாநிலத்தில் பீட்டுக் கிழங்குச் சர்க்கரை. அவருக்குச் சர்க்கரை வரி வேண்டும். இன்னொருவருக்குச் செருப்பு, இன்னொருவருக்குச் சிமெண்டு. ஒவ்வொருவரும் தம் ஊர் முதலாளிக்கு ஒரு கல் எடுத்துவைத்தார்கள். முடிவில் நாட்டைச் சுற்றி ஒரு மதில் எழுந்தது. கையெழுத்துப் போடாதீர் என்று பொருளாதார அறிஞர் 1,028 பேர் குடியரசுத் தலைவர் ஹூவருக்கு விண்ணப்பம் விடுத்தனர். 1930 ஜூன் 17-இல் அவர் போட்டார்! எதிர்த்து நின்றவர்களில் ஹல் முன்னணியில் இருந்தார், பயன் இல்லை.

மதிலுக்கு மதில் கிளம்பிற்று. ஒரு சிறு செய்தி சொல்கிறேன். கோழிமுட்டை டஜனுக்கு 8 சென்ட் இருந்த வரியை அமெரிக்கா 10 சென்ட் ஆக்கிற்று. கனடா பார்த்தது, தான் போட்டிருந்த 3 சென்டைத் தானும் 10 ஆக்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கனடாவுக்கு முட்டை விற்பவர்களாக அமெரிக்கப் பண்ணையாளர்களே மிகுதி! காக்க வந்த வரி, காக்கவேண்டியவன் கூடையையே கவிழ்த்தது. 1929-இல் 520 கோடி டாலருக்கு ஏற்றுமதி செய்த நாடு 1932-இல் ஏறத்தாழ 160 கோடிக்கு இறங்கிற்று. 1933-இல் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. இத்தனையும் சுங்கவரியால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். வங்கிகள் விழுந்ததும் பங்குச் சந்தை சரிந்ததும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆனால் நோயாளியின் வாயில் மண் போட்டது இந்தச் சட்டம். அடுத்த தேர்தலில் ஸ்மூட் தோற்றார்; ஹாலி தோற்றார்; ஹூவரும் தோற்றார்.

1933-இல் ரூஸ்வெல்ட் வந்தார். செனட் சபைக்குப் போயிருந்த ஹல்லை வெளிநாட்டு அமைச்சராக்கினார். பதவி கிடைத்ததே தவிர, அதிகாரம் கிடைக்கவில்லை. லண்டனில் 66 நாடுகள் கூடிய பொருளாதார மாநாட்டுக்குக் கப்பலேறினார். வரிக் குறைப்பு மசோதாவைத் தலைவர் காங்கிரசில் கொண்டுவருவார் என்று நம்பிப் போனார். நடுக்கடலில் செய்தி வந்தது, இப்போது மசோதா இல்லை என்று! மாநாட்டிலே, ரூஸ்வெல்ட்டின் நம்பிக்கைக்குரிய மோலி என்பவர் பின்னாலேயே வந்து இறங்கி, அமைச்சரை ஓரங்கட்டினார். ஜூலை 3-இல் தலைவரிடமிருந்து வந்த ஒரே அறிவிப்பு மாநாட்டைக் கவிழ்த்துவிட்டது. தனி ஒருவர் மனம் மாறினால் 66 நாடுகளின் பேச்சு எப்படிப் பொடியாகும் என்பதை ஹல் நேரில் கண்டார். சில திங்கள் கழித்து மோலி பதவியைவிட்டுப் போனார், ஹல் இருந்தார். மலைநாட்டுப் பிடிவாதம்!

இப்போது அவர் முன் நின்ற சிக்கலைப் பாருங்கள். மன்றத்திடம் விட்டால் பண்டமாற்று. தனி மனிதரிடம் விட்டால் மனம்போன போக்கு. இரண்டின் கேட்டையும் பார்த்தவர் அவர். என்ன செய்வது?

தொழிற்சங்கத் தோழர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆயிரம் தொழிலாளர்களும் முதலாளியின் அறையில் போய் உட்கார்ந்து போனசு பேசமுடியாது. பொதுக்குழு கூடுகிறது, செயலாளரை அனுப்புகிறது. எப்படி அனுப்புகிறது? இதற்குக் கீழே ஒப்புக்கொள்ளாதே, இத்தனை நாளுக்குள் பேசி முடி, முடியாவிட்டால் திரும்பி வா என்று சொல்லி அனுப்புகிறது. அதிகாரம் பொதுக்குழுவினுடையது, செயலாளர் கையில் இருப்பது கடன்.

1934 ஜூன் 12-இல் வந்த பரஸ்பர வாணிப ஒப்பந்தச் சட்டம் இதைத்தான் செய்தது. குடியரசுத் தலைவர் வேறு நாட்டோடு பேசி ஒப்பந்தம் செய்து, அதன்படி வரியை மாற்றலாம். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் செனட்டின் இசைவு வேண்டாம். ஆனால் மூன்று கடிவாளம். ஒன்று: இருக்கும் வரியில் பாதிக்கு மேல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அடுத்தது, ஒப்பந்தம் இருக்கவேண்டும். எதிர்நாடும் ஏதாவது விட்டுக்கொடுத்திருக்கவேண்டும். தலைவர் காலையில் எழுந்து தாமாக ஒரு வரியை அறிவித்துவிட முடியாது. மூன்றாவது, இந்த அதிகாரம் மூன்றே ஆண்டுக்கு. பிறகு மறுபடியும் காங்கிரசின் வாயிலில் வந்து கேட்கவேண்டும். பேசத் தொடங்குமுன் பொது அறிவிப்பும் தரவேண்டும், தொழில் செய்வோர் வந்து முறையிட வாய்ப்பும் தரவேண்டும்.

எதிர்ப்புக் கிளம்பாமல் இருக்குமா? காங்கிரசு தன் உரிமையை விற்றுவிட்டது என்றார்கள். இது உண்மையில் உடன்படிக்கை, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இல்லாமல் செல்லாது என்றார்கள். இதிலே ஒரு வேடிக்கை. 1922 முதற்கொண்டே, வரித் தீர்வைக் குழுவின் ஆய்வின் பேரில் தலைவர் வரியைப் பாதி அளவுக்கு ஏற்றவோ இறக்கவோ சட்டம் இடம் கொடுத்திருந்தது. பேரியம் டையாக்சைடு என்ற இரசாயனப் பொருளின் வரியை ராத்தலுக்கு 4 சென்டிலிருந்து 6 ஆக்கினார் தலைவர் கூலிட்ஜ். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. மன்றம் கொள்கையை வகுத்துக் கொடுத்திருக்கும்போது தலைவர் அதை நிறைவேற்றலாம் என்று 1928-இல் தீர்ப்பாயிற்று. அதை நிறுவியவர்கள் குடியரசுக் கட்சியினர்; 1929-இல் அதை எதிர்த்து முழங்கியவர்கள் ஹல்லின் ஜனநாயகக் கட்சியினர். 1934-இல் இரு தரப்பாரும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்! நாற்காலி மாறினால் நாக்கும் மாறுகிறது. எந்த நாட்டில்தான் இல்லை இது?

ஆனாலும் எதிர்ப்பாளர் சொன்னதில் ஒன்று என் மனத்தில் தைக்கிறது. தொகுதிப் பிரதிநிதி தவறு செய்தால் உழவன் அவனை அடுத்த தேர்தலில் வீழ்த்தலாம். வெளிநாட்டு அமைச்சகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வரியைக் குறைக்கும் அதிகாரியை எந்தத் தேர்தலில் வீழ்த்துவது? இதற்கு ஹல்லிடம் இருந்த ஒரே விடை, அந்த மூன்றாண்டுக் கெடு. அதை அவர் மதித்தார். 1937-இல் போனார், 1940-இல் போனார், 1943-இல் போனார். குழுவின் முன் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் மறுமொழி சொன்னார். 1940-இல் செனட்டில் மிகச் சில வாக்குகளில் தப்பிப் பிழைத்தது அந்தச் சட்டம். கியூபாவோடு 1934 ஆகஸ்டில் தொடங்கி, 1945-க்குள் 27 நாடுகளோடு 32 ஒப்பந்தங்கள்!

மாசற்றவர் என்று சொல்லவில்லை. 1939-இல் செயிண்ட் லூயிஸ் என்ற கப்பலில், இட்லரின் கொடுமைக்குத் தப்பி 900-க்கு மேற்பட்ட யூதர்கள் வந்தபோது, அமெரிக்கக் கரையில் இறங்க இடம் கிடைக்கவில்லை. ஐரோப்பாவுக்கே திரும்பினார்கள், பலர் பின்னர் மடிந்தார்கள். அப்போது வெளிநாட்டு அமைச்சர் ஹல்தான். பண்டங்கள் தங்குதடையின்றிப் போனால் படைகள் போகமாட்டா என்று நம்பியவரின் காலத்தில், கதவு மனிதர்களுக்கு மூடியிருந்தது.

1941 டிசம்பர் 7-இல், முத்துத் துறைமுகத்தில் குண்டு விழுந்த செய்தி வந்த சற்று நேரத்தில், சப்பானியத் தூதர் இருவர் அவர் அறைக்குள் நுழைந்ததும், சீறி அனுப்பியதும் ஊரறிந்த கதை. ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு அடிப்படை வகுத்ததும், உடல் நலிந்து 1944 நவம்பரில் விலகியதும், 1945-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றதும் அப்படியே. 1947 அக்டோபரில் ஜெனிவாவில் 23 நாடுகள் கூடி வாணிபப் பொது ஒப்பந்தம் கண்டபோது, அமெரிக்கா கையெழுத்திட்டது ஹல்லின் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டே. இரண்டு திங்கள் முன்பு விடுதலை பெற்ற இந்தியாவும், பக்கத்திலே இலங்கையும் பர்மாவும் அந்த 23-இல் இருந்தன.

பிறகு கடிவாளம் எப்படிக் கழன்றது? ஒரே நாளில் அல்ல. 1971 ஆகஸ்டில் நிக்சன், அவசர நிலை என்று சொல்லி, வரிக்குரிய இறக்குமதி மீது நூற்றுக்கு 10 கூடுதல் வரி போட்டார். சில திங்களில் எடுத்தார். காங்கிரசு விழித்துக்கொண்டு 1974-இல், இத்தகைய நெருக்கடிக்கு நூற்றுக்கு 15, அதுவும் 150 நாள், மேலே வேண்டுமானால் எங்களிடம் வா என்று எழுதிற்று. இது ஹல் பாணி. 1977-இல் வந்த அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டமோ வேறு மாதிரி. இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம் என்று இருக்கிறதே தவிர, சுங்கவரி என்ற சொல்லே அதில் இல்லை. 2025-இல் டிரம்ப் உலக நாடுகள் மீது, திருப்பூர் பனியன் மீதும், வரி போடக் கையிலெடுத்தது அந்தச் சட்டத்தைத்தான். உச்ச அளவு எங்கே? ஒப்பந்தம் எங்கே? முன்கூட்டி முறையிட வாய்ப்பு எங்கே? அந்தச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை என்று அவ்வாண்டு மே திங்களில் பன்னாட்டு வாணிப நீதிமன்றமும், ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இன்னொரு வழி இருக்கிறது. அதன் வேர் ஹல்லின் சட்டத்திலேயே இருக்கிறது. நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2018-இல் எஃகுக்கு நூற்றுக்கு 25, அலுமினியத்துக்கு 10 என்று வரி விழுந்ததே, அதற்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 232-ஆம் பிரிவு ஆதாரம். அதிலே அளவும் இல்லை, ஆண்டுக் கெடுவும் இல்லை. அந்தப் பிரிவின் மூல வடிவம் 1955-இல் பிறந்தது. அவ்வாண்டு ஹல்லின் சட்டம் மறுபடி மூன்றாண்டுக்கு நீட்டிக்கப்பட வந்தபோது, வரிக் குறைப்பை விரும்பாதவர்களும் வாக்களிக்கவேண்டும் என்பதற்காக 7-ஆம் பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது: ஒரு பண்டத்தின் இறக்குமதி நாட்டுப் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் என்று கண்டால், குடியரசுத் தலைவர் அதைக் கட்டுப்படுத்தலாம். ஐசன்ஹோவர் அதில் கையெழுத்திட்டது ஜூன் 21-இல். 83 வயது நிறைந்த கார்டெல் ஹல், அடுத்த திங்கள் 23-ஆம் நாள், வாஷிங்டனில் கண்மூடினார்.